பணியிடத்தில் ஒரு பிடி அரிசி



தவக்காலம் தொடங்கும்போதும், தீபாவளி போனஸ் கைக்கு வரும்போதும், கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கும்போதும் பங்கு மக்களில் சிலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்பதுண்டு. "ஃபாதர், எங்க கம்பெனியில எல்லாரும் சேர்ந்து ஏழைகளுக்கு அரிசி, பருப்பு கொடுக்கலாம்னு இருக்கோம். எப்படி ஆரம்பிக்கிறது?" கோவில்பதாகை, ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பகுதிகளில் வாழும் நம் மக்களில் பெரும்பாலோர் ஏதாவது ஒரு தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ வேலை செய்கிறவர்கள். 1961இல் ஆவடியில் தொடங்கப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையும், 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையும் இந்தப் பகுதியின் முகத்தையே மாற்றின. ஆகவே அன்புப் பணி என்பது ஆலய வளாகத்தோடு நின்றுவிடாமல் வேலை செய்யும் இடத்துக்கும் செல்ல வேண்டும் என்ற இந்த ஆசை மிக நல்ல ஆசை. அதை எப்படிச் செய்வது என்பதை இங்கே எழுதுகிறேன். அதற்கு முன், எப்படிச் செய்யக் கூடாது என்று நான் கற்றுக்கொண்ட கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நானும் நின்ற புகைப்படம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தில் இத்தகைய உணவுச் சேகரிப்பு நடந்தது. அரிசி மூட்டைகள் லாரியில் ஏற்றப்பட்டன. தொலைவில் உள்ள ஓர் இல்லத்துக்கு அவை போகின்றன என்றார்கள். என்னை அழைத்தார்கள், நானும் சென்று, செபம் சொல்லி, லாரியை மந்திரித்து அனுப்பினேன். பேனருக்கு முன்னால் எல்லாரும் நின்று படம் எடுத்துக்கொண்டோம். வாசலருகே இருந்த அறிவிப்புப் பலகையில், கொடுத்தவர்களின் பெயரும் தொகையும் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. கடைசி வரியில் ஒரு பெண்ணின் பெயர். எதிரே 20 ரூபாய். அங்கே ஒப்பந்த முறையில் துப்புரவு வேலை செய்தவர் அவர்.

இரண்டு வாரம் கழித்து அன்பியக் கூட்டத்துக்காகச் சென்றபோது, அவருடைய வீடும் அதே தெருவில்தான் இருக்கிறது என்று தெரிந்தது. கணவர் விபத்தில் கால் முறிந்து படுக்கையில் இருந்தார். அந்த வீட்டில் பல நாள்களாக ஒரு வேளைதான் உலை கொதித்தது. "பலகையில பேர் போடுவாங்கன்னு தெரிஞ்சிருந்தா அந்த இருபதையும் போட்டிருக்க மாட்டேன் ஃபாதர்" என்றார். அவர் தினமும் பெருக்கிய அதே முற்றத்திலிருந்துதான் அந்த லாரி புறப்பட்டது. அவரைக் கடந்து போனது. நான் மந்திரித்து அனுப்பிய லாரி அது.

காணிக்கைப் பெட்டியருகே அமர்ந்திருந்த இயேசு, ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசுகளைக் கண்டு சீடர்களை அழைத்துக் காட்டினார் (மாற் 12:41-44). நாமோ அந்தப் பெண்ணைப் பட்டியலின் அடியில் எழுதிவிட்டு, அவர் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று கேட்கவில்லை. அங்கே யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. நல்ல மனம் எல்லாரிடமும் இருந்தது, ஒழுங்குதான் இல்லை.

திருச்சபையின் முதல் முறையீடு

தொடக்கத் திருச்சபையிலும் இதே நிலை இருந்தது. திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். எருசலேமில் நம்பிக்கை கொண்டோர் உடைமைகளைப் பொதுவாக வைத்து வாழ்ந்தார்கள். தேவையில் உழல்வோர் அவர்களிடையே இல்லாதிருந்தனர் என்று நான்காம் அதிகாரம் சொல்கிறது (திப 4:34-35). ஆனால் இரண்டே அதிகாரம் தள்ளி ஒரு முணுமுணுப்பு எழுகிறது. அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசும் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை. அவர்கள் எருசலேமில் அயல்மொழி பேசியவர்கள். உள்ளூரில் ஆதரவு குறைந்தவர்கள். யாரும் வேண்டுமென்று அவர்களை ஒதுக்கியதாக எழுதப்படவில்லை. கண்ணில் படாமல் போனார்கள், அவ்வளவுதான்.

திருத்தூதர்கள் அதற்கு என்ன செய்தார்கள்? "பொறுமையாக இருங்கள்" என்று மறையுரை ஆற்றி அனுப்பிவிடவில்லை. ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு தொடங்கி நிக்கொலா வரை அந்த ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள் (திப 6:5). அதாவது, விடுபட்டுப்போன மக்களின் நிலையை அறிந்தவர்களிடமே பந்தியின் பொறுப்பு வந்தது. உணவுப் பகிர்வை ஒழுங்கு செய்வது ஆவியாரால் நிறைந்தவர்கள் செய்ய வேண்டிய திருப்பணி என்று அன்றே திருச்சபை முடிவு செய்தது.

ஆகவே பணியிடத்தில் உணவு சேகரிக்க நினைக்கும் ஒவ்வொருவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எவ்வளவு சேர்க்கலாம்?" என்பதன்று. "நம் கண்ணில் படாமல் விடுபடுகிறவர் யார்?" என்பதே.

பிடி அரிசியிலிருந்து உணவு வங்கி வரை

இது நமக்குப் புதிய பழக்கம் அன்று. உலையில் அரிசி இடுவதற்கு முன் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைக்கும் வழக்கம் நம் பாட்டிமார்களிடம் இருந்தது. கேரளத்தில் புனித குரியாக்கோஸ் எலியாஸ் சாவறா (1805-1871) இந்தப் 'பிடியரி'யை ஒரு முறையாகவே அமைத்தார். வீடுதோறும் ஒதுக்கப்பட்ட அரிசி ஏழைகளுக்கும், பள்ளிக்கு வந்த ஏழைப் பிள்ளைகளின் மதிய உணவுக்கும் பயன்பட்டது. 2014 நவம்பர் 23 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். மிசோரம் மாநிலத்தில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910இல் தொடங்கிய பிடி அரிசிக் காணிக்கை இன்றும் தொடர்கிறது. நம் தமிழ் மண்ணிலோ வடலூரில் வள்ளலார் 1867இல் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் எரிகிறது. நம் ஊர்களில் புனித அந்தோணியார் திருவிழாவின் அசனத்தைச் சாப்பிடாதவர் யார்?

'உணவு வங்கி' என்ற அமைப்பும் ஒரு பங்கிலிருந்தே பிறந்தது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலம், பீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் என்ற பொதுநிலையினர், வின்சென்ட் தே பவுல் சபை நடத்திய உணவுக்கூடத்தில் தொண்டு செய்தார். கடையில் வீசி எறிந்த உணவைப் பொறுக்கித் தன் பிள்ளைகளைக் காப்பாற்றிய ஒரு தாயை அவர் சந்தித்தார். மிஞ்சுகிறவர்கள் போட்டு வைக்கவும், தேவைப்படுகிறவர்கள் எடுத்துக்கொள்ளவும் வங்கியைப் போல ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணத்தைக் கொடுத்தவர் அந்த ஏழைத் தாய்தான். 1967இல் புனித மரியா பங்கு ஒரு பழைய கட்டடத்தையும் சிறிது பணத்தையும் கொடுத்தது. முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 125 டன் உணவு பகிரப்பட்டது. உலகின் முதல் உணவு வங்கி என்று அதைச் சொல்கிறார்கள்.

"ரேஷனில்தான் இலவச அரிசி கிடைக்கிறதே, இங்கே பசி ஏது?" என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்விதான். தமிழகத்தில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. பருப்பும் பாமாயிலும் குறைந்த விலைக்குத் தருகிறார்கள். இதனால் எத்தனையோ வீடுகள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. ஆனால் வெறும் சோறு மட்டும் உணவாகிவிடாது. வாடகை வீடு மாறி மாறிக் குடும்ப அட்டை சரியாகாதவர், வேறு மாநிலத்திலிருந்து வந்து ஷெட்டில் தங்கி வேலை பார்ப்பவர், வேலைக்குப் போகிறவர் படுத்துவிட்ட குடும்பம், பிள்ளைகள் கைவிட்ட முதியவர் என்று பலர் நம்மிடையே இருக்கிறார்கள். 'ஒரே நாடு, ஒரே ரேஷன் அட்டை' திட்டம் 2020 அக்டோபரில் தமிழகத்துக்கு வந்தது. வெளிமாநிலத் தொழிலாளர் பலருக்கு அது தெரியாது. அதைச் சொல்லிக் கொடுப்பதும் உணவு கொடுப்பதற்குச் சமம்.

செய்ய வேண்டியவை

1. அனுமதி பெறுங்கள். நிர்வாகத்திடமும் தொழிற்சங்கத்திடமும் எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். இதைக் கத்தோலிக்கர் மட்டும் செய்யும் காரியமாக ஆக்காதீர்கள். ஆயுத பூஜைக்குப் பொரி பங்கிடுவதிலும், ரம்ஜானுக்குப் பிரியாணி பரிமாறுவதிலும் ஒன்றாக நிற்கும் நண்பர்கள் இதிலும் ஒன்றாக நிற்கட்டும். கொடுக்கும் பையில் செபப் புத்தகமோ சபையின் பெயரோ வேண்டாம். பசித்தவருக்கு உணவு கொடுத்தாலே இயேசுவுக்குக் கொடுத்ததாகும் (மத் 25:35-40).

2. ஏழு பேர் குழு. எருசலேமின் எண்ணிக்கை நமக்கும் பொருந்தும். அதிகாரிகள் மட்டும் இருந்தால் போதாது. இயந்திரப் பிரிவிலிருந்து ஒருவர், கேன்டீனிலிருந்து ஒருவர், ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவர், பெண்கள் இருவராவது, இந்தி பேசத் தெரிந்த ஒருவர் இருக்கட்டும். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது இவர்களுக்குத்தான் தெரியும்.

3. சேகரிக்கும் முன் கேளுங்கள். யாருக்குக் கொடுக்கப் போகிறோமோ அவர்களிடம் என்ன வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டும். முதியோர் இல்லங்களில் விழாக் காலத்தில் அரிசியும் இனிப்பும் குவிந்து கிடக்கும். மற்ற மாதங்களில் எண்ணெய்க்கும் சோப்புக்கும் திண்டாடுவார்கள். குடும்பங்களைப் பொறுத்தவரை உங்கள் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையைக் கேளுங்கள். 1833இல் பாரிசில், இருபது வயது மாணவரான அருளாளர் பிரடெரிக் ஓசானாம் நண்பர்களோடு தொடங்கிய அந்தச் சபையின் முதல் விதியே, ஏழையை அவர் வீட்டுக்குச் சென்று சந்திப்பது. வீடுகளை அறிந்தவர்கள் அவர்கள்.

4. பொருளா, பணமா? இரண்டும் நல்லதே. பொருளாகச் சேர்ப்பதானால் பிரிவுக்கு ஒரு பொருள் என்று பிரித்துவிடுங்கள்: ஒரு பிரிவு துவரம் பருப்பு, ஒரு பிரிவு எண்ணெய், ஒரு பிரிவு கொண்டைக்கடலை, ஒரு பிரிவு உப்பும் மிளகாய்த்தூளும் சோப்பும். இல்லையெனில் நாற்பது கிலோ சர்க்கரை சேரும், பருப்பு இருக்காது. பணமாகச் சேர்த்தால் மொத்த விலைக் கடையில் வாங்கலாம். 100 பேர் மாதம் 50 ரூபாய் கொடுத்தால் 5,000 ரூபாய். பை ஒன்றுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பத்துக் குடும்பங்களுக்கு ஆகும். ஒரு தேநீரும் வடையும் இரண்டு நாள் குறைந்தால் போதும்.

5. எதை வாங்கக் கூடாது? பிரித்த பாக்கெட், காலாவதி நாள் நெருங்கிய பொருள், சில்லறையாக அளந்த எண்ணெய் ஆகியவை வேண்டாம். பாக்கெட்டில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். ரேஷன் அரிசியைக் காசு கொடுத்து வாங்கிச் சேர்க்காதீர்கள். அது சட்டப்படி குற்றம். மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வைத்து, முதலில் வந்ததை முதலில் கொடுங்கள். நாம் சாப்பிடத் தயங்கும் ஒன்றைப் பிறருக்குக் கொடுப்பது தானம் ஆகாது.

6. கேன்டீனில் மிஞ்சும் உணவு. அப்பங்களைப் பலுகச் செய்த இயேசு, எதுவும் வீணாகாதபடி மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்து வைக்கச் சொன்னார் (யோவா 6:12). ஆயினும் சமைத்த உணவு சில மணி நேரத்தில் கெட்டுவிடும். நம் வெயிலில் சொல்லவே வேண்டாம். மிஞ்சிய உணவைப் பகிர்வதற்கு உணவுப் பாதுகாப்புத் துறை 2019இல் தனி விதிமுறைகளை வெளியிட்டது. எனவே வண்டியும் பாத்திரமும் பயிற்சியும் உள்ள அமைப்புகளிடம் மட்டும் அதை ஒப்படையுங்கள். கோயம்புத்தூரில் 2014இல் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' அவற்றில் ஒன்று.

7. கட்டாயம் வேண்டாம். மனவருத்தத்தோடோ கட்டாயத்தாலோ கொடுக்க வேண்டாம் என்பது பவுலடியார் கொரிந்தியருக்குக் கூறிய அறிவுரை (2 கொரி 9:7). மேற்பார்வையாளர் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தால், அவருக்குக் கீழ் வேலை செய்கிறவர் எப்படி மறுப்பார்? மூடிய பெட்டி வையுங்கள். எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்த ஒப்புதல் இன்றிச் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கக் கூடாது.

8. கணக்கு வேண்டும், பெயர் வேண்டாம். எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டிய காணிக்கையைப் பவுல் தனியாகக் கொண்டு போகவில்லை. தீத்துவையும், சபைகள் தேர்ந்தெடுத்த மற்றொரு சகோதரரையும் உடன் வைத்துக்கொண்டார். இந்த அறப்பணியைப் பற்றி யாரும் குறை சொல்ல இடம் தரக் கூடாது என்பதே அவர் கவலை (2 கொரி 8:18-21). ஒரு திருத்தூதருக்கே இந்தக் கவனம் இருந்ததென்றால் நமக்கு எவ்வளவு இருக்க வேண்டும்! பெட்டியை இருவர் சேர்ந்து திறக்கட்டும். ரசீதுகளை இருவர் கையொப்பமிட்டு வைக்கட்டும். மொத்த வரவு, மொத்தச் செலவு, வாங்கிய பொருள், சென்ற பைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை மாதந்தோறும் பலகையில் ஒட்டுங்கள். கொடுத்தவர் பெயரும் பெற்றவர் பெயரும் அதில் இருக்கக் கூடாது. வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் (மத் 6:3).

9. கொடுக்கும் முறை. வரிசையில் நிறுத்தாதீர்கள், படம் எடுக்காதீர்கள், மேடை போடாதீர்கள். எழுத்தில்லாத சாதாரணத் துணிப்பையில் போட்டு மாலை நேரத்தில் வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். இன்னும் நல்ல வழி, தெருமுனை மளிகைக் கடைக்காரரிடம் முன்பணம் கட்டிவிட்டுக் குடும்பத்துக்குச் சீட்டுக் கொடுப்பது. பிள்ளைக்குப் பால் பவுடரா, பாட்டிக்கு ரவையா என்று அந்தத் தாயே பார்த்து எடுத்துக்கொள்வார். நிலத்தின் ஓரக்கதிரை அறுக்காமல் ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டு வைக்கச் சொன்னது மோசேயின் சட்டம் (லேவி 19:9-10). ரூத்து அங்கே கையேந்தி நிற்கவில்லை. தன் கையால் பொறுக்கி, தலைநிமிர்ந்து வீட்டுக்குக் கொண்டு போனார்.

10. விட்டுவிடாதீர்கள். வாரத்தின் முதல் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்த்து வைக்கும்படி பவுல் எழுதினார் (1 கொரி 16:2). ஆண்டுக்கு ஒரு முறை லாரி நிறைய அனுப்புவதைவிட மாதந்தோறும் பத்துப் பை கொடுப்பது மேல். பசி மாதந்தோறும் வருகிறது. குறிப்பாக, பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தையும் மழை பெய்து வேலை நின்றுபோகும் நாள்களையும் நினைவில் வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் புகுந்து இயந்திரங்களை மூழ்கடித்தது. இப்படி வேலை நிற்கும் வாரத்தில் தினக்கூலிக்காரரின் அடுப்புத்தான் முதலில் அணைகிறது. அத்தகைய நாளுக்காக இரண்டு மாதத்துக்கான பொருள் எப்போதும் கையிருப்பில் இருப்பது நல்லது.

தானத்துக்கு முன் நீதி

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், சிலருக்குக் கசக்கலாம். நம் குழு பட்டியல் எடுக்கும்போது, உதவி தேவைப்படும் பெயர்களில் பாதி நம் நிறுவனத்தின் ஒப்பந்தத் தொழிலாளராகவே இருந்தால் என்ன செய்வது? பையைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிடலாமா? அவருக்கு உரிய கூலி உரிய நாளில் வருகிறதா, வைப்பு நிதி கட்டப்படுகிறதா, ஈ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதா என்று யாராவது கேட்க வேண்டாமா? நீதிப்படி கொடுக்க வேண்டியதை அன்பின் கொடையாகக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றிய ஏட்டில் (எண் 8) தெளிவாக்கியது. பிடித்து வைக்கப்பட்ட கூலியின் கூக்குரல் ஆண்டவரின் செவிக்கு எட்டுகிறது என்று யாக்கோபு எச்சரிக்கிறார் (யாக் 5:4). 1891இல் தொழிலாளரின் நியாயமான கூலிக்காகச் சுற்றுமடல் எழுதியவர் திருத்தந்தை 13ஆம் லியோ. 2025இல் பொறுப்பேற்ற திருத்தந்தை 14ஆம் லியோ அவரை நினைத்தே அந்தப் பெயரைத் தெரிந்துகொண்டதாகச் சொன்னார். ஏழைகள் மீதான அன்பைப் பற்றியே தம் முதல் திருத்தூது ஊக்கவுரையை 2025 அக்டோபரில் வெளியிட்டார்.

நம் பங்கில் மேலாளராக, ஒப்பந்தக்காரராக, சிறு பட்டறை முதலாளியாக இருக்கும் சகோதரர்களே, உங்களிடம் பணிவோடு கேட்கிறேன். அரிசி மூட்டை அனுப்புவதற்கு முன் உங்கள் சம்பளப் பதிவேட்டை ஒரு முறை செபத்தோடு வாசித்துப் பாருங்கள்.

நிறைவாக

அந்தச் சகோதரியின் வீட்டுக்கு அன்று மாலையே வின்சென்ட் தே பவுல் சபையார் சென்றார்கள். கணவர் எழுந்து நடக்கும்வரை மாதந்தோறும் சென்றார்கள். இப்போது அவர் தேறிவிட்டார். ஆண்டுதோறும் வறியோர் உலக நாள் வரும்போது அந்தப் புகைப்படத்தை எடுத்துப் பார்க்கிறேன். திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்படுத்தி 2017 முதல் நவம்பரில் நாம் கொண்டாடும் நாள் அது. படத்தில் நாங்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டு நிற்கிறோம். ஓரத்தில், பாதி மறைந்தபடி, துடைப்பத்தோடு அவரும் நிற்கிறார். அன்று நான் அவரைப் பார்க்கவில்லை.

நாளைக் காலை வேலைக்குப் போகும்போது உங்கள் கேட்டைத் திறந்து விடுகிறவரையும், தரையைப் பெருக்குகிறவரையும், மதிய வேளையில் டிபன் பாக்ஸைத் திறக்காமல் தண்ணீர் மட்டும் குடிக்கிறவரையும் ஒரு நிமிடம் பாருங்கள், பெயரைக் கேளுங்கள். நீங்கள் தொடங்க நினைக்கும் உணவுப் பகிர்வின் முதல் வேலை அதுதான்.

ஐந்து வாற்கோதுமை அப்பங்களை ஒரு சிறுவனின் கையிலிருந்து பெற்று ஆயிரங்களை உண்பித்த ஆண்டவர், நம் கைப்பிடி அரிசியையும் ஏற்று ஆசீர்வதிப்பாராக. ஆமென்.